பேர்னஸுக்குக் கீழே ஒரு வாளி

இந்த நாட்டில் நெருப்பு தண்ணீர் விடுகிறது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் நான் கதை விடுகிறேன் என்று நினைப்பீர்கள். நெருப்பு என்றால் ஈரத்தைக் காய வைக்கிற சாமான் என்று நம்பி வளர்ந்தவன் நானும்தான். இங்கே வீட்டைச் சூடாக்க, நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ற்றில், பேர்னஸ் என்று ஆளுயரப் பெட்டி ஒன்று நிற்கும். அது காஸில் எரியும். பழைய பேர்னஸ்கள் எரிந்த புகையை அப்படியே புகைபோக்கியால் வெளியே தள்ளிவிடும். புதியவை மகா கஞ்சத்தனமானவை. போகிற புகையையும் பிடித்து நிறுத்தி, அதிலிருக்கிற கடைசிச் சூட்டையும் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் வெளியே விடும். பிழிந்தால் தண்ணீர் வரத்தானே வேண்டும். புகையோடு போக இருந்த நீராவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். கடுங்குளிர் நாட்களில் வாளிக்கணக்கில் இறங்கும். அந்தத் தண்ணீரை ஒரு பிளாஸ்ரிக் குழாய் நிலத்தில் இருக்கிற வடிகாலுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாத ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்றாள் என் மனைவி ஸ்ரெல்லா. ஆறினால் எழுதமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு கனடாவில், மில்லிக்கன் என்ற இடத்தில், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட இருக்கிறது. பிள்ளைகள் படித்து முடித்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். மேலே நானும் ஸ்ரெல்லாவும் மட்டும். கீழே பேஸ்மென்ற்றில் மூன்று வருடங்களாக நஸீரா குடும்பம் வாடகைக்கு இருந்தது. நஸீரா, விடியுமுன் பேக்கரி வேலைக்குப் போய்விடும் கணவர் றியாஸ், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். எங்களைப் போலவே நஸீராவும் மன்னார். வீடு பார்க்க வந்த அன்று அது தெரிந்ததும் நான் துள்ளிக் குதிக்காத குறை. "ஒரே ஊர்ச் சனம். பிறகென்ன, நீங்கள் எங்கட வீட்டு ஆக்கள்தான்" என்று சொல்லித் திறப்பைக் கையில் கொடுத்தேன். நஸீரா சிரித்தார். "நான் மன்னாரில இருந்தது ஏழு வயசு மட்டும்தான், அண்ணை. பிறகு புத்தளம்." ஏழு வயதில் ஏன் புத்தளத்துக்குப் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. மன்னாரில் பிறந்த என் வயதுக்காரன் எவனும் முஸ்லிம் ஒருவரிடம் அதைக் கேட்கமாட்டான். பதில் அவனுக்குத் தெரியும்.

நல்ல சனம் என்று சொன்னால் போதாது. மூன்று வருடங்களில் ஒரு சத்தம், ஒரு சண்டை, ஒரு முகச்சுழிப்பு இல்லை. நோன்பு மாதம் வந்தால் பின்னேரங்களில் மூடி போட்ட பாத்திரத்தில் கஞ்சி மேலே வரும். தேங்காய்ப் பாலும் இஞ்சியும் மணக்கிற கஞ்சி. ஸ்ரெல்லா அந்தப் பாத்திரத்தை ஒருபோதும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. தோடம்பழமோ பேரீச்சம்பழமோ எதையாவது போட்டுத்தான் கீழே அனுப்புவாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த படிக்கட்டில் அந்தப் பாத்திரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

போன நவம்பரில் பேஸ்மென்ற் யன்னல்கள் வியர்க்கத் தொடங்கின. கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, கீழ்ச் சட்டத்தில் தேங்கி, அங்கே கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. கம்பளத்தில் நனைந்த சாக்கு நாற்றம். யன்னல்களைப் பார்க்க நான் இறங்கிப் போன நேரம் நஸீரா புட்டு அவித்துக்கொண்டிருந்தார். பானையிலிருந்து ஆவி பறந்தது. யன்னலைப் பார்த்தேன், பானையைப் பார்த்தேன், என் மண்டைக்குள் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாயிற்று. எங்கள் அடுப்பிலும் ஸ்ரெல்லா கிழமையில் நான்கு நாள் புட்டும் இடியப்பமும் அவிக்கிறாள் என்பது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவேயில்லை. மேலே அவித்தால் சமையல், கீழே அவித்தால் ஈரம்!

ஜனவரியில் பேர்னஸைச் சோதிக்க ஒருவன் வந்தான். உயரமான வெள்ளைக்கார இளைஞன், சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்ரிக் உறை மாட்டியிருந்தான். பேர்னஸ் அறைக்குள் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. நான் கதவடியில் நின்று பார்த்தேன். பேர்னஸின் காலடியில் நீல வாளி ஒன்று இருந்தது. நிலம் துடைக்கிற வாளி என்று நினைத்தேன். அவன் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தான். பிறகு வெளியே வந்து, வழிகிற யன்னலைப் பார்த்து, மூக்கைச் சுருக்கி, கீழே இருக்கிற ஆட்கள் நிறையச் சமைப்பார்களோ என்று கேட்டான். என் தீர்ப்புக்கு வெள்ளைக்காரனின் கையெழுத்தும் கிடைத்துவிட்டது என்று எனக்கு உள்ளூரச் சந்தோசம். வெட்கம் கெட்ட சந்தோசம். வாசலில் உறைகளைக் கழற்றிக்கொண்டு அவன் கடைசியாக ஒன்று சொன்னான். "யூ காட்டா கிளீன் தட் ட்ராப், பட்டி. இட்ஸ் டிஸ்கஸ்டிங்."

"ஓகே, ஓகே, தாங்க் யூ" என்றேன். புலம்பெயர்ந்த எங்கள் எல்லோருக்கும் அந்த ஓகே தெரியும். விளங்காத இடத்தில் விளங்கியதுபோலத் தலையாட்டுகிற ஓகே. வங்கியில், ஆஸ்பத்திரியில், பிள்ளையின் ஆசிரியை முன்னால் ஆட்டி ஆட்டிப் பழகிய தலை. வந்த புதிதில் ஆட்டினால் மன்னிக்கலாம். இருபத்தாறு வருடங்கள் கழித்து, சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "எந்த ட்ராப்? அது என்ன?" என்று இரண்டு சொல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் இங்கிலீஷ் தெரியாதவன் என்று அந்தப் பொடியன் நினைத்துவிடுவானாம். அவன் நினைத்தால் என்ன, என் தலையா போய்விடும்?

ட்ராப் என்றால் எனக்குத் தெரிந்தது எலிப்பொறி ஒன்றுதான். பொறியைத் துப்புரவாக்கு, அருவருப்பாக இருக்கிறது என்கிறான். அப்படியென்றால் கீழே எங்கோ ஒரு பொறி இருக்கிறது, அதற்குள் எலி செத்துக் கிடக்கிறது, இவர்கள் அதை என்னிடம் மறைத்துவிட்டார்கள். பேஸ்மென்ற் முழுக்கத் தேடினேன். பொறி ஒன்றும் இல்லை. எடுத்து எறிந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, கடைக்குப் போய்ப் புதிதாக இரண்டு எலிப்பொறி வாங்கி வந்தேன்.

"தங்கச்சி, வந்த ஆள் சொல்லிப்போட்டுப் போறான், கீழ எலி இருக்காம்" என்றேன். "சாப்பாட்டுச் சாமானுகளை மூடி வையுங்கோ. கொஞ்சம் துப்புரவா இருந்தால் நல்லது."

"எலியோ? நான் ஒரு நாளும் காணேல்லையே, அண்ணை."

"அவன் உந்த வேலை படிச்ச ஆள். பாத்துத்தான் சொல்லுவான்."

பொறிகள் இருந்த கடைப்பையை நஸீராவிடம் நீட்டினேன். பையை இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்குப் பின்னால் குசினி மேடை பளிச்சென்று இருந்தது. போத்தல்களுக்கெல்லாம் மூடி, மூடிகளுக்கெல்லாம் பெயர் ஒட்டியிருந்தது. மூத்த பெண்பிள்ளை பாடப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டது. அப்படிப்பட்ட வீட்டுக்குள் நின்றுதான் நான் துப்புரவு பற்றிப் பேசினேன். இதை எழுதும்போது என் வாயில் நானே அடிக்கவேண்டும்போல இருக்கிறது.

இந்த வருடம் நோன்பு பனிக்குள் வந்தது. மூன்றாம் நோன்பு என்று நினைக்கிறேன், பின்னேரம் கீழே போனேன். யன்னல்கள் எல்லாம் ஒழுகின. அடுப்பில் பெரிய பாத்திரத்தில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி, உந்த ஆவிதான் வீட்டைப் பழுதாக்குது" என்றேன். "புட்டு, இடியப்பம், கஞ்சி எல்லாத்தையும் கொஞ்சக் காலத்துக்கு நிப்பாட்டுங்கோ. கடையில வேண்டிச் சாப்பிடலாம்தானே."

"நோன்பு திறக்கிறதுக்குத்தான், அண்ணை."

"விளங்குது. ஆனால் வீடெல்லோ."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை நீட்டி அடுப்பை நிற்பாட்டினார். அப்போதே, என் கண் முன்னாலேயே. அரிசி இன்னும் மலரவில்லை. கொதி அடங்கியது. "சரி, அண்ணை" என்றார். மேலே வந்து நான் சொன்னபோது ஸ்ரெல்லா கையிலிருந்த கரண்டியைத் தொப்பென்று மேசையில் போட்டாள். "நோன்புக் கஞ்சியை நிப்பாட்டச் சொன்னனீங்களோ? உங்களுக்கென்ன விசரோ?" அன்றைக்கு மேலேயும் சமைக்கவில்லை.

அந்தப் பின்னேரம் எனக்கு வேறொரு வீடு நினைவுக்கு வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். இப்போது தள்ளாமல் எழுதுகிறேன். மன்னாரில் எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு கபூர் நானாவுடையது. கத்தரி, மிளகாய் என்று தோட்டம் செய்தவர். அவருடைய கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மிசின் ஒன்று இருந்தது. எங்கள் கிணறு வற்றினால் குழாயை வேலிக்கு மேலால் போட்டு எங்களுக்கும் இறைத்து விடுவார். துவக்கு வைத்திருந்தவர்கள் ஊரில் இருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது எனக்குப் பதினேழு வயது. கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் படகுகளில் ஏற்றினார்கள். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பயத்தால் பேசாமல் நின்றோம் என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்திருக்கிறேன். பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் என் அப்பா கபூர் நானாவின் கிணற்றடிக்குப் போய் அந்த மிசினைக் கழற்றிக்கொண்டு வந்தாரே, அதற்குப் பெயர் பயம் இல்லை. பாதுகாப்பாக வைத்திருப்போம், அவர்கள் வந்ததும் கொடுப்போம் என்றார். மண்ணெண்ணெய் கிடைத்த நாட்களில் அதை இயக்கி எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவன் நான். இரண்டு வருடம் இறைத்தேன். பிறகு மிசின் பழுதாகிப் பின்வளவில் கிடந்தது. பிறகு நான் கனடாவுக்கு வந்துவிட்டேன்.

கஞ்சிப் பேச்சுக்குப் பிறகு மேலே பாத்திரம் வரவில்லை. நான்கு நாள் கழித்து நஸீரா வந்து, மாதக் கடைசியில் போகிறோம் என்றார். வெக்ஸ்போர்ட்டில் றியாஸின் அண்ணனின் அப்பார்ட்மென்ற்றில் ஓர் அறை இருக்கிறதாம். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இடிந்து போனேன் என்று எழுதினால் அது பொய். இனி யன்னல் காயும் என்றுதான் நினைத்தேன். நிலத்தைத் துடைத்து, சுவரைக் கழுவி, திறப்பை ஸ்ரெல்லாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன நான்காம் நாள் காலை வீடு குளிர்ந்தது. பேர்னஸ் நின்றுவிட்டது. கீழே இறங்கினால் கடைசிப் படியில் கால் நனைந்தது. நீல வாளி நிரம்பி வழிந்து, பேர்னஸ் அறை தாண்டி, பிள்ளைகள் படுத்த அறைக் கம்பளம் வரை தண்ணீர். போகிற போக்கில் வேண்டுமென்றே செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஈரக் காலோடு நின்றபடி போன் எடுத்தேன்.

"நஸீரா, என்ன உது? வாளி நிறையத் தண்ணியை விட்டிட்டுப் போயிருக்கிறீங்கள்! கீழ வெள்ளம்!"

"போகேக்க வெறுமையாக்கித்தான் வச்சனான், அண்ணை. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ஊத்தவேணும். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான். உந்தப் புது பேர்னஸ் பூட்டின மாரியில மேல வந்து சொன்னனான், தண்ணி சொட்டுது எண்டு. நீங்கள் புத்தகத்தை எடுத்துக் காட்டி, உந்தப் புது மாதிரிக்குத் தண்ணி வாறது நோர்மல் எண்டு சொன்னீங்கள். அப்ப அதை ஊத்துறது கீழ இருக்கிற ஆக்கள்ற வேலையாக்கும் எண்டு நினைச்சன்." பிறகு, மறந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "அந்தத் தண்ணி கை கடிக்கும், அண்ணை. கையுறை போட்டு ஊத்துங்கோ."

இரண்டு மாரிகாலம், பனி கொட்டுகிற மாதமெல்லாம்! ஒவ்வொரு நாளும் இரண்டு தரம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புமுன் ஒரு வாளி, நோன்பு திறக்க முன் ஒரு வாளி. நான் எலிப்பொறி கொடுத்த அன்றும் ஊற்றியிருப்பார். அடுப்பை நிற்பாட்டிய அன்றும் ஊற்றியிருப்பார்.

அன்று மத்தியானம் வேறொரு திருத்துநரைக் கூப்பிட்டேன். கரீபியன் தீவொன்றிலிருந்து வந்த வயதான மனிதர், பேச்சு நிதானம். பேர்னஸின் அடியில் படுத்து எதையோ கழற்றி எடுத்து என் கண் முன்னால் நீட்டினார். உள்ளங்கை அளவு வளைந்த பிளாஸ்ரிக் குழாய். உள்ளே பழுப்பு நிறத்தில் சளிபோல அடைத்துக் கிடந்தது. தண்ணீர் இந்த வளைவில் கொஞ்சம் தேங்கி நின்றால்தான் புகை வீட்டுக்குள் வராது, வருடத்துக்கு ஒருமுறை இதைக் கழுவவேண்டும் என்றார். இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"ட்ராப்" என்றார்.

அவர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனார். ட்ராப் அடைத்ததால் தண்ணீர் கீழே போகவில்லை, மேலே ஏறி பேர்னஸையும் நிறுத்திவிட்டது. குழாயைச் சரிவு இல்லாமல் பூட்டியிருந்ததால் பொருத்தில் ஒழுகியது. இது புளித்தண்ணீர், அமிலம் கலந்தது, சீமெந்தையே தின்றுவிடும் என்று நிலத்தில் வெள்ளையாக அரித்திருந்த இடத்தைக் காட்டினார். அப்படியென்றால் யன்னல் வியர்த்தது? பேர்னஸோடு சேர்த்துப் பூட்டிய சின்னப் பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். மாரிக் குளிரில் வறண்டுபோகும் காற்றுக்கு ஈரம் சேர்க்கிற பெட்டி. அதன் திருகு கடைசி எல்லையில் நின்றது. யார் இவ்வளவு கூட்டி வைத்தது என்றார். நான்தான். பேர்னஸ் பூட்டிய முதல் மாரியின் கடைசியில் காற்று வறண்டு ஸ்ரெல்லாவுக்கு மூக்கால் இரத்தம் வந்தபோது ஒரே திருகாகத் திருகிவிட்டு மறந்துபோனேன். புட்டு அவித்தால் இப்படி வழியுமா என்று கேட்டேன். அவர் சிரித்தே விட்டார். ஒரு பானை ஆவி இந்த யன்னல்களில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், இந்தப் பெட்டி நாள் முழுக்க ஊற்றுகிறது என்றார். பிறகு வாளியைப் பார்த்தார். இதை வைத்தது யார், அவருக்கு நன்றி சொல், இல்லாவிட்டால் உன் நிலம் எப்போதோ போயிருக்கும் என்றார்.

எனக்கு அந்த நீல உறைக்காரனில் கோபம். தன் கண்ணால் அடைப்பைக் கண்டும் ஒரு சொல்லை வாசலில் எறிந்துவிட்டுப் போனவன். சரிவு பார்க்காமல் குழாய் பூட்டியவர்களில் கோபம். ஆனால் அவர்களைத் திட்டித் திட்டி நான் தப்ப முடியாது. அவன் ஒரு கேள்விதான் கேட்டான். அந்தக் கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு படியிறங்கிப் போனது நான். இந்த நாட்டில் எங்கள் சமையலைப் பற்றி எவனாவது மூக்கைச் சுருக்கினால் கூட்டம் கூடிக் குமுறுகிற சனம் நாங்கள். எங்களுக்குக் கீழே ஒரு படி கிடைத்தால் அங்கே ஓர் ஆளை இருத்தி, நாங்களே மூக்கைச் சுருக்குகிறோம். ஒரே ஊர்ச் சனமாம்! வீட்டு ஆட்களாம்! ஏழு வயதில் ஒருமுறை எழுப்பி அனுப்பப்பட்டவரை நாற்பத்திரண்டில் நான் எழுப்பி அனுப்பினேன். துவக்கு இல்லாமல், தங்கச்சி என்று கூப்பிட்டு, குறை நினைக்காதேங்கோ என்று சொல்லி.

சனிக்கிழமை பின்னேரம் வாளியைக் கழுவிக் காய வைத்துக்கொண்டு வெக்ஸ்போர்ட்டுக்குப் போனேன். அது நஸீராவின் வாளி. வெறுமையாகக் கொண்டுபோகக் கூடாது என்று ஸ்ரெல்லா தோடம்பழமும் பேரீச்சம்பழமும் போட்டு நிரப்பிவிட்டாள். ஆறாம் மாடி நடையில் கஞ்சி மணந்தது. கதவைத் திறந்த நஸீரா முதலில் வாளியைத்தான் பார்த்தார்.

"உதுக்காகவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"பிழை என்னில, தங்கச்சி. எலியும் இல்லை, ஆவியும் இல்லை. எல்லாம் என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. திரும்பி வாங்கோ. புட்டு, கஞ்சி, என்ன வேணுமெண்டாலும் அவியுங்கோ."

அவர் வாளியை வாங்கினார். அப்போதுதான் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெடித்து, தோல் வெள்ளையாக உரிந்திருந்தது. மாரிக் குளிரில் எல்லோருக்கும் வருகிறதுதானே என்று மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த கைகள்.

"உங்களில கோவம் இல்லை, அண்ணை" என்றார். "ஆனால் வர ஏலாது. பிள்ளையளிட்ட இன்னொருக்காச் சாமான் கட்டுங்கோ எண்டு சொல்ல என்னால ஏலாது." பிறகு, "பொறுங்கோ, வாறன்" என்று உள்ளே போனார்.

வாசலில் நின்றேன். கஞ்சி எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் நினைத்தேன். மூடி போட்ட பாத்திரம் வரும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மனம் ஆசைப்பட்டது. அவர் கடைப்பை ஒன்றோடு வந்தார். நான் கொடுத்த அதே பை. உள்ளே எலிப்பொறிகள் இரண்டும் துடைத்த சுத்தத்தில் இருந்தன.

"உங்கட சாமான், அண்ணை. அவசரத்தில மாறி எங்கட பெட்டிக்குள்ள வந்திட்டுது. குடுக்கவேணும் எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தனான்" என்றார். "ஒவ்வொரு நாளும் வச்சனான். ஒண்டும் விழேல்ல."

இரண்டு கையாலும் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினேன்.

இப்போது பேர்னஸுக்குப் பக்கத்தில், தண்ணீரை வடிகாலுக்குத் தள்ளுகிற சின்னப் பம்ப் ஒன்று பூட்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உறுமிவிட்டு நிற்கும். யன்னல்கள் காய்ந்துவிட்டன. பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட ஸ்ரெல்லா சம்மதிக்கவில்லை. பொறிகள் பையோடு மேசையில் கிடக்கின்றன, எறியவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. கபூர் நானாவின் மிசின் எங்கே என்று இன்றுவரை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பம்ப் உறுமுகிற நேரம் நான் மன்னாரில், அவருடைய கிணற்றடியில், மண்ணெண்ணெய்ப் போத்தலோடு நிற்கிறேன். உறுமல் நின்றதும் மில்லிக்கனில் நிற்கிறேன். இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒழுங்காகப் போகிறது. இரண்டு இடத்திலும் அந்த வீட்டு ஆட்கள் இல்லை.